செய்மதி பார்க்கிறது, துறைமுகத்துக்குச் சொல்வது யார்?

2025 ஜூலை 30ஆம் திகதி மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் செய்மதி மேலே போனது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவின் நாசாவும் சேர்ந்து செய்த செய்மதி அது. பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை அதே பாதையில் திரும்பி வந்து, முகிலுக்கும் இருளுக்கும் ஊடாக நிலத்தை அளக்கும். அளந்ததை எவரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஏவுதளம் கிழக்கிலங்கையில் உள்ள நம் வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து நேர்கோட்டில் எழுநூறு கிலோமீற்றருக்குள் இருக்கிறது. அங்கிருந்து துருவப் பாதைக்குப் போகும் ரொக்கெட்டுகள் நேரே தெற்கே போவதில்லை. இலங்கை குறுக்கே கிடப்பதால் கிழக்கே விலகிப் போய்ப் பிறகு திரும்புகின்றன. அந்த வளைவில் செலவாகும் எரிபொருளை மிச்சம் பிடிக்கத்தான் தமிழ்நாட்டின் குலசேகரன்பட்டினத்தில் இன்னொரு தளம் அமைக்கிறார்கள். ரொக்கெட் நம்மைச் சுற்றிக்கொண்டு போனாலும் செய்மதி நம் தலைக்கு மேலாலேயே போகிறது. போகிற போக்கில் அது பார்த்தது வாவிக்கரைக்கும் துறைமுகத்துக்கும் வந்து சேர்கிறதா? சரியாகச் சேரவில்லை. அதற்கான காரணத்தை வானத்தில் தேட வேண்டியதில்லை. குறை தரையில் இருக்கிறது, அதைத் தீர்க்கும் பொறுப்பும் நம்முடையது.

விண்வெளித் திட்டம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது புகையும் நெருப்புமாக எழும்பும் ரொக்கெட்டின் படம். அந்த ஒரு நாளுக்குப் பிறகு ஐந்து வருடமோ பத்து வருடமோ நடப்பது முறைவைத்துச் செய்யும் வேலை. தாழ்ந்த பாதையில் சுற்றும் செய்மதி ஒரு தரைநிலையத்தின் வீச்சுக்குள் ஒரு தடவைக்கு ஏறக்குறையப் பத்து நிமிடம்தான் இருக்கும். அதற்குள் பற்றரியின் நிலை, கருவிகளின் சூடு எல்லாம் பார்த்து, அடுத்த சுற்றுகளுக்கான கட்டளைகளை ஏற்றி, சேர்த்துவைத்த தரவை இறக்கிக்கொள்ள வேண்டும். பழைய ரொக்கெட் துண்டு ஏதாவது குறுக்கே வருமா என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்க்க வேண்டும். வரும்போலிருந்தால் பாதையைச் சற்று மாற்ற வேண்டும். இறங்கிய தரவும் படமாக வருவதில்லை, எண்களாக வருகிறது. அந்த எண்களை நம்பலாமா என்று பார்ப்பது தனி வேலை. ஹவாயில் லனாய் தீவுக்கு அப்பால் 1997 முதல் மோபி என்றொரு மிதவை கடலில் நிற்கிறது. கடல்நீரின் நிறத்தை அது நீருக்குள்ளிருந்தே அளக்கிறது. மேலேயிருந்து கடலின் நிறத்தைப் பார்க்கும் செய்மதிகள் தம் அளவு சரியா என்று ஒத்துப்பார்ப்பது இந்த மிதவையோடு. கடலில் கிடக்கும் பொருளென்றால் பாசி பிடிக்கும். சுழியோடிகள் முறையாகப் போய் அதன் கருவிகளைத் துடைத்துவிட்டு வருகிறார்கள். வங்கக் கடலில் பச்சையம் எங்கே கூடுதல், சூரை எங்கே கூடக்கூடும் என்று நம் கைக்கு வரும் வரைபடத்தில் அந்தச் சுழியோடியின் கைவேலையும் அடக்கம். பூமியைப் பார்க்கும் எந்தத் திட்டத்தை எடுத்தாலும் அதன் பாதி இப்படித் தரையிலும் தண்ணீரிலும்தான் நடக்கிறது.

இந்தப் பாதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கரையே சாட்சி. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தபோது, அன்றைய இலங்கை நேரப்படி ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கடல்மட்டத்தை அளக்கும் ஜேசன்-1, டோபெக்ஸ்/போஸைடன் என்ற இரண்டு செய்மதிகள் இந்து சமுத்திரத்துக்கு மேலாகப் போயின. ஆழ்கடலில் அறுபது சென்ரிமீற்றர் அளவில் இருந்த சுனாமி அலையை இரண்டும் பதிவுசெய்தன. அதை விண்ணிலிருந்து இவ்வளவு தெளிவாக அளந்தது பெரிய விஞ்ஞானச் செய்தியாகப் பின்னர் பேசப்பட்டது. ஆனால் அந்த அளவு தரைக்கு வந்து, எண்ணாகி, ஆய்வாளர் அதை அலையென்று அடையாளம் காண்பதற்குள் கல்குடாவிலும் கல்லடியிலும் எல்லாம் முடிந்திருந்தது. செய்மதியைக் குறைசொல்ல எதுவுமில்லை. அது வருடக்கணக்கில் மெதுவாக உயரும் கடல்மட்டத்தை அளக்கப் போனது. எச்சரிக்கை அதன் வேலையல்ல. எச்சரிக்கைக்கு வேண்டியவை கடலடியில் அழுத்தமானி, துறைமுகத்தில் கடல்மட்டமானி, இரவும் பகலும் விழித்திருக்கும் ஒரு அலுவலகம், அங்கிருந்து கரைவரை அறுபடாத ஒரு தொடர்பு. இந்து சமுத்திரத்தில் அன்று இதில் எதுவுமே ஒழுங்காக இருக்கவில்லை. இப்போது கொழும்பு, கிரிந்த, திருகோணமலை ஆகிய இடங்களில் நாரா எனப்படும் தேசிய நீரியல் வள ஆய்வு நிறுவனத்தின் கடல்மட்டமானிகள் இருக்கின்றன. அவை தொடர்ந்து வேலைசெய்ய ஒருவர் உப்பைத் துடைக்க வேண்டும், பற்றரி மாற்ற வேண்டும், இணைப்பு அறுந்தால் அன்றைக்கே கவனிக்க வேண்டும்.

புயலிலும் இதே கதைதான். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டத்துத் தென்னந்தோட்டங்கள் வேரோடு சரிந்தன. வானிலைச் செய்மதி என்ற ஒன்று அப்போதே பதினெட்டு வருடப் பழையது. இன்று இந்தியாவின் இன்சாற் வரிசைச் செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு மேலே முப்பத்தாறாயிரம் கிலோமீற்றர் உயரத்தில் நின்றபடி வங்கக் கடலை மணிக்குப் பல தடவை படம் பிடிக்கின்றன. புது டெல்லியிலுள்ள பிராந்திய மையம் புயல் உருவான நேரம் முதல் நம் வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு அறிக்கை அனுப்புகிறது. இத்தனைக்கும் பிறகு, 2025 நவம்பர் கடைசியில் கிழக்குக் கரையோரமாக ஏறிய டித்வா புயலில் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் மலைநாட்டு மண்சரிவுகளில். புயல் வருவது மேலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியாமலில்லை. எச்சரிக்கைகள் தமிழில் வரவில்லை, வந்தவையும் பிந்தியே வந்தன என்ற குறை அப்போது பரவலாக எழுந்தது. விண்வெளித் தொழில்நுட்பத்தில் கோடி கோடியாகக் கொட்டிய நாடுகளின் தரவு நமக்கு இலவசமாக வருகிறது. அதைத் தமிழில் நாலு வரியாக எழுதி நேரத்துக்கு அனுப்பும் ஆளுக்குத்தான் இங்கே சம்பளம் இல்லை.

அதனால்தான் ‘நமக்கென்று ஒரு செய்மதி’ என்ற பேச்சு எழும்போதெல்லாம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. 2019இல் இராவணா-1 விண்வெளிக்குப் போனது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இரண்டு இலங்கை இளம் பொறியியலாளர்கள் செய்த, கையில் அடங்கும் பெட்டியளவான செய்மதி அது. அந்த இளைஞர்களுக்குக் கிடைத்த பயிற்சி மதிப்புள்ளது. அதைக் குறைத்துப் பேசுவது சிறுமை. ஆனால் ஒரு கிலோச் செய்மதி கிழக்கின் வெள்ளத்தையோ கடலின் காற்றையோ கண்காணித்துவிடாது. கடற்காற்றை அளக்க என்ன வேண்டியிருக்கிறது என்பதற்கு இந்தியாவையே பார்க்கலாம். 2009இல் ஏவிய ஓஷன்சாற்-2இன் காற்றளக்கும் கருவி 2014இல் நின்றது. அடுத்து ஸ்கற்சாற்-1 வர 2016 ஆயிற்று. அது 2021இல் ஓய, ஓஷன்சாற் வரிசையின் மூன்றாவது செய்மதி 2022 நவம்பரில்தான் போனது. இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே நடுவில் இரண்டு தடவை இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளிகளை ஐரோப்பியச் செய்மதிகள் நிரப்பின. நாம் தனியாக ஒன்றை ஏவி, அது ஓய்ந்ததும் அடுத்ததற்குப் பணம் தேடி அலைவதைவிட, இந்தக் கூட்டுச் சங்கிலியில் நமக்கு விழுந்த கண்ணியைப் பிடித்துக்கொள்வது புத்தி.

நமக்கு விழுந்த கண்ணி எது? நாம் மட்டுமே செய்யக்கூடிய அளவைகள். சும்மா சொல்வதில்லை இது. இலங்கையைச் சுற்றியுள்ள கடல் உலகத்திலேயே ஒரு விசித்திரமான இடம். நமக்குச் சற்றுத் தெற்கே புவியீர்ப்பு குறைந்து, கடலின் மட்டம் கணித வடிவப் பூமியைவிட 106 மீற்றர் தாழ்ந்து கிடக்கிறது. உலகில் இதைவிடத் தாழ்ந்த இடம் கிடையாது. வாழைச்சேனை இறங்குதுறையில் நின்று, திருத்தம் எதுவும் செய்யாத ஜிபிஎஸ் கருவியில் உயரத்தைப் பார்த்தால் ஏறத்தாழ நூறு மீற்றர் ‘கீழே’ என்று காட்டும். காலடியில் தண்ணீர் தளும்பும், கருவியோ கடலடி ஆழத்தைச் சொல்லும். செய்மதி தரும் எந்த எண்ணும் இப்படித்தான்; இந்த இடத்துக்கு ஏற்பத் திருத்தும்வரை அது பாதி உண்மை. மழையும் அப்படி. உலக மழையை அரை மணிக்கு ஒருமுறை வரையும் நாசாவின் ஜிபிஎம் வரைபடத்தில் ஒரு கட்டம் பத்துக் கிலோமீற்றர் அகலம். வாழைச்சேனை, ஓட்டமாவடி, கல்குடா மூன்றும் அதில் ஒரே எண்ணுக்குள் போய்விடும். அவசரப் பதிப்பே நாலு மணி நேரம் பிந்தித்தான் வரும். மாரியில் வாடைக்காற்றோடு விடாமல் பெய்யும்போது அந்த எண்ணுக்கும் மழைமானியில் தேங்கிய நீருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டு சொல்ல இங்கே ஒரு மழைமானியும் அதைத் தவறாமல் வாசிக்கும் ஒரு கண்ணும் வேண்டும்.

வாவியின் விடயம் இன்னும் நெருக்கமானது. ஆழ்கடலைப் பார்க்கும் செய்மதிகளின் கண்ணுக்கு வாவி அகப்படாது; ஒரு கிலோமீற்றர் அகலமான புள்ளிகளில் பாதி நிலமும் பாதி நீருமாகக் குழம்பிப்போகும். பத்து மீற்றர்வரை பிரித்துக் காட்டும் சென்டினல்-2 காலை பத்தரை மணிவாக்கில் கடந்து போகிறது. கச்சான் வீசும் மாதங்களில் வாவியின் நிறம், கண்டல், முகத்துவாரத்து மணல்திட்டு எல்லாம் அதில் துல்லியமாகத் தெரியும். எங்களுக்கு அது மிகவும் தேவைப்படும் கார்த்திகை மார்கழியிலோ முகில்தான் தெரியும். அப்போது உதவக்கூடியவை சென்டினல்-1, நிசார் போன்ற ராடர் செய்மதிகள். மாதுறு ஓயா பெருகி வரும்போது எந்த வயல் மூழ்கியது, எந்தத் தெரு தப்பியது என்று அவை காட்டும். 2022 டிசம்பரில் நாசாவும் பிரான்சும் அனுப்பிய ஸ்வொட் செய்மதி, இருநூற்றைம்பது மீற்றர் சதுரமான குளத்தின் நீர்மட்டத்தைக்கூட அளக்க வல்லது. உன்னிச்சையும் வாகனேரியும் அதற்குப் பெரிய குளங்கள். ஆனால் அந்த அளவு சரியா என்று பார்க்கக் கரையில் ஓர் அளவுகோல் நட்டிருக்க வேண்டும். வங்கதேசத்தில் இதைச் செய்கிறார்கள்: நீர்நிலையின் ஓரத்தில் அளவுகோலை நட்டு, அக்கம்பக்கத்து மக்களே மட்டத்தைப் பார்த்துத் தொலைபேசியில் குறுஞ்செய்தியாக அனுப்ப, ஆய்வாளர்கள் அதைச் செய்மதியின் கணக்கோடு ஒத்துப்பார்க்கிறார்கள். ஒரு அளவுகோலும் ஒரு குறுஞ்செய்தியும். முகத்துவாரத்தை வெட்டுவதா, எப்போது வெட்டுவது என்று ஒவ்வொரு மாரியிலும் விவசாயிக்கும் மீனவருக்கும் இடையில் எழும் சச்சரவில், இரு தரப்பும் ஏற்கும் நீர்மட்டக் கணக்கு ஒன்று கையிலிருந்தால் பேச்சு எவ்வளவோ இலகுவாகும்.

இதற்கு எழக்கூடிய முதல் ஆட்சேபம், கடலை அறிந்தவர்களுக்குச் செய்மதி எதற்கு என்பது. வாடை, கச்சான், கொண்டல், சோளகம் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைக்கும் மக்கள், தண்ணீரின் நிறத்தையும் பறவை கூடும் இடத்தையும் பார்த்தே வலை போடுகிறவர்கள். இந்த அறிவை மதிக்காத விஞ்ஞானம் கரையில் எடுபடாது, எடுபடவும் வேண்டாம். ஆனால் செய்மதி பார்ப்பதும் அதே நிறத்தைத்தான், அதே சூட்டைத்தான். சூடான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் ஓரத்தில் இரை சேரும், இரையைத் தேடிச் சூரை வரும் என்பது இரண்டுக்கும் பொதுவான பாடம். வித்தியாசம் தூரத்தில் வருகிறது. பலநாள் படகு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தாண்டி வாரக்கணக்கில் கடலில் நிற்கிறது. அடிவானத்துக்கு அப்பால், ஒன்றரை நாளில் தாழமுக்கம் புயலாகத் திரளப்போவதை எந்த அனுபவசாலியும் நீரின் நிறத்தில் வாசிக்க முடியாது.

எல்லாம் கையடக்கத் தொலைபேசியிலேயே வருகிறதே என்பது இளையவர்களின் கேள்வி. நிறம் நிறமாகக் காற்றைக் காட்டும் செயலிகள் இன்று பல படகோட்டிகளின் கையில் உண்டு. அவை பயனுள்ளவைதான். ஆனால் கரையை விட்டுப் போகப் போக அலைவரிசை அறுந்துவிடும். மேலும், செயலி காட்டுவது ஒரு கணிப்பொறி மாதிரியின் முடிவு. அது பிழைத்தால் பதில் சொல்ல யாருமில்லை. துறைமுக வாசலில் பெயரும் நேரமும் போட்டு ஒட்டப்படும் அறிக்கைக்குப் பின்னால் ஒரு உத்தியோகத்தர் இருக்கிறார். நேற்றுச் சொன்னது ஏன் பிழைத்தது என்று அவரைக் கேட்கலாம். கேட்கப்படுவதால்தான் அவர் நாளைக்குக் கவனமாக எழுதுவார்.

கனமான ஆட்சேபம் வேறொன்று. மீன் நிற்கும் இடத்தைச் செய்மதி காட்டிக்கொடுத்தால் இருக்கிற மீனும் ஒழிந்துபோகாதா? இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் மையம் மீன் கூடக்கூடிய பகுதிகளைப் பல மொழிகளில் அறிவிக்கிறது. இங்கே நாராவும் சூரை பிடிக்குமிடங்களைக் கணித்துச் சொல்கிறது. தேடும் நேரமும் டீசலும் மிச்சமாவது உண்மை. மிச்சமான டீசலில் இன்னொரு பாடு வலை போடுவார்கள் என்பதும் உண்மை. ஆகவே எங்கே மீன் என்று சொல்கிற அதே கை, எவ்வளவு பிடிக்கலாம் என்ற கணக்கையும் வைத்திருக்க வேண்டும். இறங்குதுறையில் என்ன மீன், என்ன அளவில் வந்து இறங்குகிறது என்ற பதிவு இல்லாமல் செய்மதிக் குறிப்பை மட்டும் கொடுப்பது ஆபத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண்காணிப்பு என்ற கசப்பும் இதோடு சேர்ந்தது. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. 2016 ஜூனில் தடை நீங்குவதற்காகச் செய்த ஏற்பாடுகளில் ஒன்று ஆழ்கடல் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பூட்டியது. படகு எங்கே நிற்கிறது என்பது இப்போது கொழும்புக்குத் தெரிகிறது. படகோட்டிக்கு அதனால் என்ன கிடைத்தது? 2017 ஒக்கி புயலில் கன்னியாகுமரி மீனவர்கள் பலர் கடலில் மாண்ட பிறகு, இந்தியா தன் நாவிக் செய்மதிகள் வழியாகப் படகுக்கே எச்சரிக்கை அனுப்பும் கருவியைக் கொண்டுவந்தது. விண்வழி நம்மைக் கண்காணிக்க முடியுமென்றால், விண்வழியே நம்மோடு பேசவும் முடிய வேண்டும்.

அப்படிப் பேசாததன் விளைவு கடலிலேயே தெரிகிறது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக் கடலில் கடலை அளக்கும் மிதவைகளை நிறுத்தியிருக்கிறது. மிதவையின் நிழலில் மீன் கூடும். மீனைத் தேடி வரும் படகுகள் அதில் கயிறு கட்டும். கருவி உடையும், சிலவேளை களவும் போகும். பல வருடமாக விஞ்ஞானிகள் சொல்லும் முறைப்பாடு இது. மீனவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த மிதவை தன் உயிரைக் காக்கும் செய்தியைத் தருகிறது என்று காட்டும் ஆதாரம் அவர் கைக்கு வந்ததே இல்லை. காலையும் மாலையும் அதன் அளவு தமிழில் அவர் காதுக்கு வந்தால், அதன் காவல்காரர் அவராகவே இருப்பார்.

மீதி ஆட்சேபங்களான பொய் எச்சரிக்கை பற்றியும் பணம் பற்றியும் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடி பெரிய நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை விடப்பட்டது, கரையோர மக்கள் வெளியேறினார்கள், பேரலை வரவில்லை. வராததால் நாளை நம்பமாட்டார்கள் என்பது வாதம். ஏன் விட்டோம், ஏன் நீக்கினோம் என்று அன்றே விளங்கப்படுத்தினால் நம்பிக்கை குறையாது, கூடும். பணத்தைப் பொறுத்தவரை, 2022இல் வங்குரோத்து நிலையை அறிவித்த நாடு என்ற வாதம் ரொக்கெட்டுக்குப் பொருந்தும். மழைமானிக்கும் அளவுகோலுக்கும் இரண்டு பட்டதாரிகளின் சம்பளத்துக்கும் பொருந்தாது.

வாழைச்சேனைக்குப் பக்கத்தில், வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விஞ்ஞானமும் புவியியலும் படித்து வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்தரமுல்லையில் உள்ள சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் செய்மதியிலிருந்து வெள்ள வரைபடம் செய்யும் அனுபவத்தைப் பல வருடமாகச் சேர்த்துவைத்திருக்கிறது. கற்றுக்கொள்ளத் தூரம் போகத் தேவையில்லை. கடற்றொழில் அமைச்சும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் மட்டக்களப்பு மாவட்டச் செயலகமும் சேர்ந்து, வரும் மாரிக்கு முன்னர் வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஒரு மேசை போடட்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று தமிழில் இரண்டு அறிக்கை; வாவியிலும் குளங்களிலும் அளவுகோல், பாடசாலைகளில் மழைமானி; அளந்ததை நாராவுக்கும் செய்மதி நிறுவனங்களுக்கும் திருப்பி அனுப்ப ஓர் ஒழுங்கு. மீனவர் சங்கங்கள் இதைக் கோரிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அரசியல்வாதிகள் அடுத்த தடவை துறைமுகத்துக்கு வரும்போது, மேசையில் ஆள் இருக்கிறாரா என்றே அவர்களிடம் முதலில் கேட்க வேண்டும்.